சுவருக்கு எந்த உலகப் படம்? பழைய ஆம்ஸ்டர்டாம் தாள்களில் ஒரு தேர்வு

17ஆம் நூற்றாண்டு டச்சு உலகப் படம் ஒன்றை வீட்டில் மாட்ட நினைப்பவர்கள் முதலில் நிறத்தைப் பார்க்கிறார்கள், அப்புறம் விலையைப் பார்க்கிறார்கள். படத்துக்குள் என்ன இருக்கிறது என்பது மாட்டிய பிறகுதான் கண்ணில் படுகிறது. அவர்களையும் குறை சொல்ல முடியாது. இணையத்தில் தேடினால் வருபவை எல்லாம் ஒரே சாயலில் இருக்கின்றன: இளம்பழுப்புத் தாள், இரண்டு பெரிய வட்டங்கள், மூலைகளில் கொழுகொழு தேவதைகள், எங்கு பார்த்தாலும் லத்தீன். தலைப்பும் ஏறக்குறைய ஒன்றுதான். 'நோவா டோட்டியஸ் டெர்ராரம் ஆர்பிஸ்' என்று தொடங்கும் தாளை ஆம்ஸ்டர்டாமில் குறைந்தது மூன்று கடைகள் விற்றன. 'முழு உலகின் புதிய படம்' என்று பொருள். எல்லோருடையதும் புதியதுதான்!

நான்கு தாள்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். வில்லெம் பிளாவ் 1606இல் வெளியிட்டது, ஹென்ரிகஸ் ஹோண்டியஸின் 1630, நிக்கோலாஸ் விஸ்ஸரின் 1658, வில்லெமின் மகன் யோவான் பிளாவின் 1662. நான்கும் அட்லஸில் நடுவே மடித்து வைக்கும் அளவு, அதாவது அகலம் சுமார் 54 முதல் 56 செ.மீ. வரை. இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க ஒரு கேள்வியே பெரும்பாலும் போதும் என்பது என் கட்சி: மாட்டிய பிறகு எவ்வளவு தூரத்தில் நின்று பார்ப்பீர்கள்? சோபாவில் உட்கார்ந்தபடி பார்ப்பவருக்கும், எழுந்து போய் மூக்கு கண்ணாடியில் இடிக்கும்படி நின்று படிப்பவருக்கும் ஒரே படம் பொருந்தாது.

கிட்டே நின்று படிப்பவருக்கு: வில்லெம் பிளாவ்

வில்லெம் பிளாவ் டென்மார்க்கின் வேன் தீவில் டைக்கோ பிராஹேயிடம் வானியல் கற்றவர். ஆம்ஸ்டர்டாம் திரும்பி, டாம்ராக் நீர்க்கரையில் பொன்முலாம் பூசிய சூரியக் கடிகாரத்தை அடையாளமாக வைத்துக் கடை போட்டார். கப்பல்காரர்களுக்கு வேண்டிய கருவிகள், கோளங்கள், படங்கள் எல்லாம் அங்கே கிடைத்தன. 1606 உலகப் படத்தைச் செப்புத் தகட்டில் செதுக்கியவர் யோசுவா வான் டென் எண்டே. மற்ற மூன்றும் இரட்டை வட்டப் படங்கள். இது மட்டும் செவ்வகம், முந்தைய நூற்றாண்டுப் படவரைஞர் மெர்கேட்டரின் முறைப்படி விரித்தது. திசைகாட்டி காட்டும் ஒரே திசையில் கப்பல் போனால் அந்தப் பாதை இந்தப் படத்தில் நேர்கோடாக விழும். அதற்கு விலையாக வடக்கும் தெற்கும் இழுபட்டு வீங்கிவிடும்.

இந்தத் தாளின் செல்வம் ஓரங்களில் இருக்கிறது. மேலே ஏழு கட்டங்களில் ஏழு கோள்கள், தேர்களில் வருகிற கடவுளராக. சந்திரன், புதன், சுக்கிரன், சூரியன், செவ்வாய், வியாழன், சனி என்ற வரிசை, பூமியை நடுவில் வைத்து எண்ணிய பழைய வரிசை. நம் நவகிரகத்தில் ராகு கேதுவை நீக்கினால் மிஞ்சுகிற அதே ஏழு பேர்தான், ஆகவே நமக்கு அறிமுகமே தேவையில்லை. இடப்பக்கம் நெருப்பு, காற்று, நீர், நிலம் என்ற நான்கு பூதங்கள். கிரேக்கக் கணக்கில் ஆகாயம் தனிப் பூதமாகச் சேராது. வலப்பக்கம் நான்கு பருவங்கள். கீழே பழைய உலகின் ஏழு அதிசயங்கள்: ரோட்ஸின் பெருஞ்சிலை, எகிப்தியப் பிரமிடுகள், அலெக்சாந்திரியாவின் கலங்கரை விளக்கம் என்று ஒவ்வொன்றும் ஒரு தனிச் சித்திரம். கடலில் கப்பல்களும் விலங்குகளும் நிறைந்திருக்கும். மொத்தம் 22 ஓரச் சித்திரங்கள். பிளாவ் ஒரு வானியல் மாணவர் என்பதை இந்த ஓரம் காட்டிக்கொடுக்கிறது. நேரமும் பொருளும் கோளும் சேர்ந்து பூமியைச் சுற்றி நிற்கிற ஓர் ஒழுங்கை அவர் சட்டமாக மாட்டியிருக்கிறார்.

குறை எங்கே என்றால், நடுவில் இருக்கிற நிலத்தில்தான். தெற்கே படத்தின் முழு அகலத்துக்கும் யாரும் பார்த்திராத ஒரு பெருங்கண்டம் படுத்திருக்கிறது. ஆஸ்திரேலியா இல்லை. 1606ஆம் ஆண்டில்தான் டூய்ஃப்கென் என்ற சிறு டச்சுக் கப்பல் ஆஸ்திரேலியாவின் வடகரையைத் தொட்டது. அதன் தலைவர் பெயர் வில்லெம் யான்ஸோன். அப்போது பிளாவும் 'வில்லெம் யான்ஸோன்' என்றுதான் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்! இருவரும் வேறு ஆள்கள். ஊரில் யான்ஸோன்கள் பெருகிவிட, போட்டிக் கடைக்காரர் யான்ஸோனியஸோடு வாடிக்கையாளர்கள் குழப்பிக்கொள்ளவே, 1621 வாக்கில் அவர் 'பிளாவ்' என்ற குடும்பப் பெயரைச் சேர்த்துக்கொண்டார். தகட்டிலும் பெயர் மாறியது. ஆகவே தாளில் 'யான்ஸோனியோ' என்று இருந்தால் அது முந்தைய அச்சு, 'பிளாவ்' என்று இருந்தால் பிந்தையது. சந்தையில் பெரும்பாலும் கிடைப்பது பிந்தையதுதான், 1630க்குப் பிறகு அட்லஸில் சேர்ந்து வந்தது.

யோசித்துப் பாருங்கள், 1606இல் வரைந்த நிலவியலை வைத்துக்கொண்டு இந்தக் குடும்பம் 1662 வரை கடை நடத்தியிருக்கிறது. இத்தனைக்கும் 1633 முதல் பிளாவ் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரபூர்வப் படவரைஞர். பழவேற்காட்டிலும் பட்டாவியாவிலும் (இன்றைய ஜகார்த்தா) இருந்து வரும் மாலுமிகளின் குறிப்புகள் அவர் மேசைக்குத்தான் வந்தன. கம்பெனியின் கப்பல்களுக்கு அவர் தந்த படங்கள் தோலில் கையால் வரைந்தவை, பயணம் முடிந்ததும் திருப்பித் தர வேண்டியவை. கடையில் பொதுமக்கள் வாங்கியது வேறு சரக்கு. அவர்கள் கேட்டது வீட்டு வரவேற்பறைக்கு ஓர் உலகம், அது அழகாக இருந்தால் போதும். அந்தக் காலத்து டச்சு ஓவியங்களில், குறிப்பாக வெர்மீர் வரைந்த அறைகளில், சுவரில் தொங்குகிற படங்களைப் பார்த்தால் இது புரியும்.

போட்டிக்குச் செதுக்கியது: ஹோண்டியஸ்

ஹோண்டியஸ் படத்தை ரசிக்க அதன் வியாபாரப் பின்னணி தெரிந்திருக்க வேண்டும். தந்தை யோடோகஸ் ஹோண்டியஸ் 1604இல் மெர்கேட்டரின் அட்லஸ் தகடுகளை வாங்கி, அந்தப் பெயரை வைத்தே கால்வர்ஸ்ட்ராட் தெருவில் கொழித்தார். அவர் 1612இல் இறந்த பின் மகன்கள் தொடர்ந்தார்கள். 1629இல் இளைய யோடோகஸும் இறந்தபோது, அவருடைய தகடுகளில் சுமார் 40ஐ பிளாவ் வாங்கிவிட்டார். மறு ஆண்டே அவற்றில் தன் பெயரைப் போட்டு, 60 படங்கள் கொண்ட ஓர் அட்லஸ் பின்னிணைப்பை வெளியிட்டார். தம்பி ஹென்ரிகஸுக்கும் மைத்துனர் யான்ஸோனியஸுக்கும் எப்படி இருந்திருக்கும்! செதுக்குநர்களைப் பிடித்து, 36 தகடுகளை 18 மாதத்தில் முடித்துத் தர வேண்டும் என்று 1630 மார்ச்சில் ஒப்பந்தம் போட்டார்கள். ஹென்ரிகஸின் உலகப் படம் இந்த அவசரத்தின் பிள்ளை.

அவசரம் படத்தில் தெரியவில்லை என்பதுதான் வியப்பு. இரண்டு வட்டங்கள், இடையிடையே நான்கு பூதங்கள், நான்கு மூலைகளில் நான்கு முகங்கள்: ஜூலியஸ் சீசர், தாலமி, மெர்கேட்டர், பெரிய ஹோண்டியஸ். பூமியை அளக்க முதலில் ஆணையிட்டவர் சீசர் என்பது இடைக்காலக் கதை, ஆகவே அவருக்கு ஓர் இடம். பண்டைய நிலவியலின் ஆசான் தாலமியைப் பற்றிக் கேள்வி இல்லை. மூன்றாவதாக மெர்கேட்டர், நான்காவதாக 'எங்க அப்பா'. எதிர்க்கடைக்காரர் எத்தனை தகடு வாங்கினாலும் இந்தப் பரம்பரையை வாங்க முடியாது என்று வாடிக்கையாளருக்குச் சொல்கிற விளம்பரம் இது. எனக்கு இந்தப் படத்தில் மிகப் பிடித்ததே இந்தக் கடைத்தெரு ரோஷம்தான்.

நிலவியலிலும் இது பிளாவைத் தாண்டியது. 1623இல் யான் கார்ஸ்டென்ஸ் என்ற டச்சு மாலுமி செய்த பயணத்தின் பலனாக, ஆஸ்திரேலியாவின் வடகரை ஒரு துண்டு இதில் வந்துவிட்டது. அட்லஸ் வாங்குகிறவர்கள் கையில் அந்தக் கண்டத்தின் ஒரு பகுதியையாவது முதலில் சேர்த்த படங்களில் இது ஒன்று. ஆனால் கலிபோர்னியா இதில் ஒரு தீவு. பிளாவின் பழைய படத்தில் அது சரியாகத் தீபகற்பமாகவே இருந்தது. ஒரு கார்மலைட் துறவியின் குறிப்பிலிருந்து கிளம்பிய இந்தத் தவறு, 1620களில் அச்சேறி, 100 ஆண்டுகளுக்கு மேல் உலகப் படங்களில் மிதந்தது. கடைசியில் 1747இல் ஸ்பெயின் அரசர் ஆறாம் ஃபெர்டினாண்ட் 'கலிபோர்னியா தீவு இல்லை' என்று ஆணையே பிறப்பிக்க வேண்டியிருந்தது. புதிய செய்தி வந்தால் சரியான செய்திதான் வரும் என்று ஒன்றும் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இந்தப் படத்தின் அடியில், நடுவில், ஆசியாவும் ஆப்பிரிக்காவும் அமெரிக்காவும் ஐரோப்பாவுக்குக் காணிக்கை கொடுக்கிற காட்சி இருக்கிறது. அதை நம் வீட்டுச் சுவரில் தினமும் பார்ப்பதா என்று ஒருவர் தயங்கினால் அதில் நியாயம் இருக்கிறது. அந்தக் காலத்துக் கம்பெனி உலகின் உண்மையான முகம் அது என்பதற்காகவே மாட்டலாம் என்று வேறொருவர் சொன்னால் அதிலும் நியாயம் இருக்கிறது. நான் இரண்டாவது கட்சி. ஆனால் குழந்தைகள் அறைக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு: விஸ்ஸர்

1658இல் விஸ்ஸர் ஓரக் கட்டங்களை ஒரேயடியாக நீக்கிவிட்டார். சின்னச் சின்னப் பெட்டிகளில் 22 சித்திரங்கள் வைப்பதற்குப் பதில், நான்கு மூலைகளையும் நான்கு பெரிய காட்சிகளாகத் திறந்துவிட்டார். அவற்றின் மூலம் நிக்கோலாஸ் பெர்ஹெம் என்ற ஓவியருடையது, இத்தாலிய வெயிலை வரைந்தே பேர் வாங்கியவர். பாதாள அரசன் ஹேடீஸ் பெர்செஃபோனைத் தூக்கிச் செல்கிறான், அது நெருப்பு. கழுகுகள் இழுக்கும் தேரில் ஜீயஸ் வானில் போகிறார், அது காற்று. கடற்கடவுள் பொசைடன் தன் பரிவாரத்தோடு வருகிறார். விளைச்சல் தேவி டெமிட்டர் பூமியின் கனிகளை ஏற்றுக்கொள்கிறாள். பூதங்கள் என்ற பழைய கருத்துதான், ஆனால் பெட்டிக்குள் நின்ற பொம்மைகளுக்கு இங்கே உயிர் வந்துவிட்டது. இரண்டு பெரிய வட்டங்களுக்கு இடையில், மேலும் கீழும், துருவங்களுக்கு இரண்டு சிறு வட்டங்கள்.

பத்து அடி தள்ளி நின்றால் நான்கில் இதுதான் ஜெயிக்கும். கோடுகளும் எழுத்துகளும் மங்கினாலும் மூலைக் காட்சிகளின் அசைவு தெரியும். இதன் தாக்கம் பெரியது, அடுத்த அரை நூற்றாண்டுக்கு ஆம்ஸ்டர்டாமில் வந்த உலகப் படங்களில் பாதிக்கு மேல் விஸ்ஸரின் ஜாடைதான் என்று சொல்லத் தோன்றுகிறது. கால்வர்ஸ்ட்ராட் தெருவில் கடை வைத்திருந்த ஃபிரெடரிக் டெ விட்டின் படங்கள் இந்த வழியில் வந்தவையே. மூலைகளில் பூதம், பருவம் எல்லாவற்றையும் ஒன்றாகக் குழைத்து வைத்தார். மோசமில்லை, ஆனால் கொஞ்சம் நெரிசல். அவர் 1706இல் இறந்த பிறகும் தகடுகள் கைமாறி அச்சடிக்கப்பட்டுக்கொண்டிருந்ததால், டெ விட் பெயரில் கிடைக்கிற தாள் எல்லாமே 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று நம்பிவிடக் கூடாது.

கிட்டே போனால் விஸ்ஸர் அவ்வளவு பேச மாட்டார். நிலத்தில் படிக்க இருப்பது குறைவு. கலிபோர்னியா இதிலும் தீவு.

நிதானக்காரருக்கு: யோவான் பிளாவ்

தந்தையின் தகட்டை ஒருவழியாக ஓய்வு கொடுத்து அனுப்பியவர் மகன் யோவான். 1662இல் லத்தீனில் 11 தொகுதிகளாக வந்த பெரிய அட்லஸுக்குப் புதிய இரட்டை வட்டப் படம் ஒன்றைச் செதுக்க வைத்தார். மேலே மேகங்களின் மீது கோள்களின் கடவுளர், கீழே நான்கு பருவங்கள் தேர்களில் ஊர்வலம். டச்சு மாலுமி தாஸ்மான் 1642 முதல் 1644 வரை சுற்றிவந்து கொடுத்த கரைகள் இதில் உண்டு, ஆஸ்திரேலியாவின் மேற்கும் வடக்கும், நியூசிலாந்தின் ஒரு கீற்றும். தெரியாத இடத்தில் கோடு நின்றுவிடுகிறது. பெருங்கண்டத்தைக் கற்பனையில் நீட்டுகிற பழக்கம் போய்விட்டது.

நிலவியலாக மட்டும் பார்த்தால் இதுவே நான்கில் நேர்மையானது. சுவர் அலங்காரமாக எனக்கு இது சற்றுச் சாதுவாகத் தோன்றும். அந்த அட்லஸ் வண்ணம் தீட்டிய நிலையில் சுமார் 450 கில்டருக்கு (அன்றைய டச்சு நாணயம்) விற்றது, அப்போதைய அச்சுப் புத்தகங்களில் அதைவிட விலை கூடியதைச் சொல்வது கடினம். பத்தாண்டு கழித்து, 1672 பிப்ரவரியில், ஹ்ராஃபன்ஸ்ட்ராட்டில் இருந்த பிளாவ் அச்சுக்கூடம் தீப்பற்றி எரிந்தது. மறு ஆண்டு யோவானும் இறந்தார்.

இதே யோவான் 1648இல் பல தாள்களை ஒட்டி, இரண்டு மீட்டர் உயரம், மூன்று மீட்டர் அகலத்துக்கு ஒரு சுவர்ப்படம் செய்தார். ஆம்ஸ்டர்டாம் நகர மன்றத்தின், அதாவது இன்றைய அரண்மனையின், பெருங்கூடத்துத் தரையில் பளிங்கில் பதித்த உலக வட்டங்கள் அதைப் பின்பற்றியவை. உருளையில் சுற்றித் தொங்கவிட்ட அந்தச் சுவர்ப்படங்கள் வார்னிஷ் கறுத்து, விரிசல் விட்டு அழிந்துபோயின. விரல்விட்டு எண்ணும் பிரதிகளே அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. வீட்டுக்கு ஆகாது, ஆசை மட்டும் படலாம்.

மூலத் தாளா, நகலா?

பணம் இருப்பவருக்கு மூலத் தாளே சரி என்று நினைக்கத் தோன்றும். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. இந்த உலகப் படங்களின் நல்ல மூலப் பிரதிகள் பல ஆயிரம் டாலர் போகும், பிளாவும் ஹோண்டியஸும் பத்தாயிரத்தைத் தாண்டுவதும் சாதாரணம். அதைவிட முக்கியம், பராமரிப்பு. பழைய வண்ணக்காரர்கள் பச்சைக்குச் செம்புத் துருவிலிருந்து எடுத்த சாயத்தைப் பயன்படுத்தினார்கள். அது காலப்போக்கில் தாளையே அரித்துப் பழுப்பாக்கி உடைக்கும். ஈரப்பதம் அதற்குத் துணை போகும். சென்னையிலோ கொழும்பிலோ, கடல்காற்று படுகிற சுவரில் அப்படி ஒரு தாளை மாட்டுவது அதற்குச் செய்கிற கெடுதல். மூலம்தான் வேண்டும் என்றால் அமிலமில்லாத அட்டை, புற ஊதா தடுக்கும் கண்ணாடி, வெளிச்சுவராக இல்லாத உள்சுவர் மூன்றும் இல்லாமல் இறங்க வேண்டாம்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை சில. செப்புத் தகடு அழுந்திய பள்ளம் படத்தைச் சுற்றி ஒரு செவ்வகமாகத் தெரிய வேண்டும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தாளில் சல்லடைக் கம்பிகளின் இணைகோடுகள் தெரியும். அட்லஸிலிருந்து எடுத்தது என்றால் நடுமடிப்பு இருக்கும், பின்புறம் பெரும்பாலும் லத்தீனிலோ பிரெஞ்சிலோ டச்சிலோ அச்செழுத்தும் இருக்கும். பூதக்கண்ணாடியில் கோடுகளுக்குப் பதில் சின்னச் சின்ன வண்ணப் புள்ளிகள் தெரிந்தால் அது நவீன அச்சு, பேச்சே இல்லை. வண்ணம் தனிக் கேள்வி. கறுப்பு வெள்ளையில் பிழைத்த தாள்களுக்குப் பின்னாளில் வண்ணம் பூசி விற்பது பரவலான வழக்கம். பச்சை பின்பக்கம் வரை ஊறிப் பழுத்திருந்தால் அது பழைய வண்ணத்துக்கு ஒரு நல்ல அறிகுறி. 'பழைய வண்ணம்' என்று விற்பவர் சொன்னால், ரசீதிலும் அப்படியே எழுதித் தரச் சொல்லுங்கள்.

உலகப் படம்தான் வேண்டுமா என்றும் ஒருமுறை கேட்டுக்கொள்ளலாம். இந்த நான்கிலும் இந்தியா கிட்டத்தட்ட இரண்டு விரல் அகலம்தான், நம் சோழமண்டலக் கரைக்குச் சில பெயர்களே இடம் பிடிக்கும். நாகப்பட்டினமும் இலங்கையும் பெரிதாகத் தெரிய வேண்டும் என்பவர்களுக்கு, இந்தியா முதல் ஜப்பான் வரை காட்டுகிற பிளாவின் கிழக்கிந்தியப் படமோ, ஹோண்டியஸ் வழி வந்த இலங்கைத் தீவுப் படமோ மேல். மூலத் தாளே வாங்கினாலும் உலகப் படத்தை நெருங்காத விலைதான்.

மற்ற எல்லோருக்கும் நல்ல நகல் போதும் என்பதே என் முடிவு. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம், டேவிட் ரம்சி தொகுப்பு போன்றவை பெரிய அளவில் படமெடுத்து இணையத்தில் வைத்திருக்கின்றன. உபயோக நிபந்தனை ஒவ்வோர் இடத்திலும் வேறுபடும், அதைப் படித்துவிட்டு இறக்குங்கள். அசல் அளவான 54 செ.மீ. அகலத்தில் கூர்மையாக வர, கோப்பில் குறைந்தது 6,400 பிக்சல் அகலம் தேவை. 90 செ.மீ.க்குப் பெரிதாக்கினால் 7,000 இருந்தாலும் சமாளிக்கலாம், ஏனென்றால் அதைத் தள்ளி நின்றுதான் பார்ப்பீர்கள். பளபளப்புத் தாள் வேண்டாம், பருத்தி கலந்த மங்கல் தாளில் அச்சிடச் சொல்லுங்கள். கான்வாஸும் வேண்டாம், நூலின் சொரசொரப்பில் சிறிய எழுத்து செத்துவிடும். ஏ3 அளவுக்குச் சுருக்கினாலும் அதே கதிதான்.

ஹாலில் சோபாவுக்கு மேலே என்றால் விஸ்ஸரை 90 செ.மீ.க்குப் பெரிதாக்கி மாட்டுங்கள். படிக்கிற மேசைக்குப் பக்கத்தில், நின்றால் கண் மட்டத்தில் வருகிற சுவர் என்றால் வில்லெம் பிளாவை அசல் அளவிலேயே வையுங்கள், 22 சித்திரங்களையும் ஒவ்வொன்றாகப் பார்க்க ஆண்டுக்கணக்கில் நேரம் இருக்கிறது. நிலவியல் ஆசிரியருக்குப் பரிசு என்றால் யோவான். கடை வைத்திருப்பவருக்கு ஹோண்டியஸ், அவருக்குத்தான் அந்த நான்கு முகங்களின் அர்த்தம் உடனே புரியும்.